மத்தியான இடைவேளையில் கிடைத்த பாட்டு

ஆபீஸில் டைப் அடிக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு. அந்த ஒரு மணியில் அவள் என்ன செய்வாள்? கொண்டு வந்ததைச் சாப்பிடுவாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் மேலதிகாரியைப் பற்றி இரண்டு வார்த்தை குறை சொல்வாள். நேரம் மிச்சமிருந்தால் கடைத் தெருவில் நாலு கண்ணாடி ஜன்னல்களை வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு திரும்பி வருவாள். எந்த ஊரிலும் இதுதானே வழக்கம்?

1961-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பட்டினத்தில், பிரீடா கெல்லி என்ற பெண்ணும் இப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அயர்லாந்தில் பிறந்தவள். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தாயார் போய்விட்டாள். தந்தைதான் எல்லாம். லிவர்பூலுக்குக் குடிவந்து, பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம் கிடைத்தது. ஒரு நாள் கூட வேலை பார்த்தவர்கள் மத்தியான வேளையில் அவளை ஓர் இடத்துக்கு அழைத்தார்கள். சரியென்று போனாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷ காலம் அவள் வாழ்க்கை அந்த இடத்தில் கேட்ட பாட்டோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது.

அந்த இடத்தைப் பார்க்க நீங்களும் வாருங்கள். கையில் ஒரு கைக்குட்டை இருந்தால் நல்லது. மூக்கைப் பொத்திக்கொள்ள உதவும்!

மாத்யூ தெரு என்று ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் சரக்குக் கிடங்குகள். அதில் ஒரு கிடங்கின் அடியில் நிலவறை. பதினெட்டுக் கல் படிகள் இறங்கினால், செங்கல் வளைவுகளோடு மூன்று சுரங்கப் பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நடுச் சுரங்கத்தின் கோடியில் ஒரு சிறு மேடை. அவ்வளவுதான் 'கேவர்ன்' சங்கீத சபை. காற்றோட்டம் என்ற பேச்சே கிடையாது. கும்பல் சேர்ந்தால் சுவர்கள் வேர்க்கும்; வளைவிலிருந்து தலையில் சொட்டும். அழுகிய பழம், வேர்வை, சிகரெட், தரை கழுவும் மருந்து, எல்லாம் கலந்த ஒரு வாசனை. ஆபீஸுக்குத் திரும்பியதும் உடுப்பே காட்டிக் கொடுத்துவிடும், எங்கே போய்விட்டு வந்தாள் என்று. மது கிடையாது. தேநீர், சூப்பு, ரொட்டி கிடைக்கும். மத்தியானக் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்.

1957 ஜனவரியில் திறந்தபோது அது ஜாஸ் சங்கீதத்துக்கென்றே ஏற்பட்ட இடம். பையன்களின் ராக் சங்கீதத்தைக் கண்டால் ஜாஸ் ரசிகர்களுக்கு ஆகாது. காலம் மாறிற்று. 1961 பிப்ரவரி 9-ஆம் தேதி மத்தியானம், 'பீட்டில்ஸ்' என்ற பெயரோடு ஒரு கோஷ்டி முதன்முதலாக அந்த மேடை ஏறியது. சன்மானம் ஐந்து பவுன். அதையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்!

யார் இந்தப் பையன்கள்? ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன் மூவரும் கிட்டார். பீட் பெஸ்ட் என்பவர் டிரம். எல்லோரும் உள்ளூர்ப் பிள்ளைகள்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் இவர்களை யாரும் பிரமாதமாக நினைக்கவில்லை. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள். மாலுமிகளும் குடிகாரர்களும் கூடும் விடுதிகளில், நூறு இரவுகளுக்கு மேல், இரவுக்கு நாலு மணி ஆறு மணி நேரம் என்று வாசித்துத் தள்ளினார்கள். கேட்கிறவன் எழுந்து போகாமல் பிடித்து வைப்பதுதான் அங்கே பரீட்சை. ஜார்ஜுக்கு வயது பதினேழு என்று போலீஸாருக்குத் தெரிந்ததும் நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். அந்த டிசம்பர் 27-ஆம் தேதி லிவர்பூலுக்குப் பக்கத்தில் லிதர்லாந்து நகர மண்டபத்தில் வாசித்தபோது, திரை விலகியதும் நடனமாட வந்த ஜனங்கள் நடனத்தை விட்டு மேடைப் பக்கம் ஓடினார்கள். 'ஹாம்பர்கிலிருந்து நேரே வருகை' என்று விளம்பரம் செய்திருந்ததால், இந்த ஜெர்மன் பையன்கள் என்ன அழகாக இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டவர்களும் உண்டு!

பிரீடா அந்த நிலவறையில் கேட்டதும் கண்டதும் என்ன? அந்த நாளில் மேடைப் பாடகர் என்றால் பளபளக்கும் கோட்டு, படிய வாரிய கிராப்பு, அளந்து வைத்த புன்னகை. இவர்களோ தோல் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பாட்டுக்கு நடுவே எதையாவது தின்கிறார்கள். முன் வரிசைப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பு பேசுகிறார்கள். என்ன பாட்டு வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதை வாங்கிப் படித்துவிட்டுப் பாடுகிறார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் 'ஷிரெல்ஸ்' என்று நாலு கறுப்பினப் பெண்கள் பாடிவந்தார்கள். பெண்கள் பாடிய அந்தப் பாட்டுகளை இந்தப் பையன்கள் கூச்சமில்லாமல் எடுத்துப் பாடினார்கள். பெண்ணின் ஏக்கத்தை ஆண் பிள்ளை கேலி செய்யாமல் பாடிக் கேட்பது அந்தப் பெண்களுக்குப் புதிது. நாங்கள் சொல்ல நினைத்ததை இவர்கள் சொல்கிறார்களே என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

பிரீடா மறு நாளும் போனாள். அடுத்த நாளும் போனாள். நூறு தடவைக்கு மேல் கேட்டுவிட்டாள். மத்தியானச் சாப்பாடு? அதையெல்லாம் யார் நினைத்தார்கள்!

இந்தக் கூட்டத்தில் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் வேலையில் ஒரு பெண் இருந்தாள். நடுநடுவே மேடையேறி ஒரு பாட்டுப் பாடுவாள். பின்னாளில் ஸில்லா பிளாக் என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் கொண்டாடிய பாடகி அவள்தான். அவள் கதை தனிக் கதை. இன்னொரு சமயம் பார்ப்போம்.

பக்கத்துத் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பிரையன் எப்ஸ்டீன் என்பவர் 1961 நவம்பர் 9-ஆம் தேதி மத்தியானம் இந்தப் படிகளில் இறங்கி வந்தார். கோட்டும் டையுமாக வந்தவர், அசந்து போய், இவர்களுக்கு மானேஜராகிவிட்டார். தோல் சட்டை போய்க் கோட்டு வந்தது. மேடையில் தின்பது நின்றது. 1962 ஜனவரி 1-ஆம் தேதி லண்டனில் 'டெக்கா' கம்பெனி இவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்த நிபுணர்களுக்குக் கேட்காதது, ஒரு ஷில்லிங் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு கேட்ட டைப்பிஸ்டுகளுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டுவிட்டது. இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தப் பெண்களைப் 'பைத்தியங்கள்' என்று பத்திரிகைகள் எழுதப் போகின்றன.

அபிமானம் என்று வந்துவிட்டால் கோபமும் கூடவே வரும். 1962 ஆகஸ்டில் டிரம் வாசித்த பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். பீட் நல்ல அழகர். பெண்கள் பொங்கிவிட்டார்கள். கேவர்னில் பீட்டுக்கு ஜே, ரிங்கோவுக்கு நாஸ்தி என்ற பாணியில் கோஷம் எழுந்தது. அந்தக் கலாட்டாவில் யாரோ கொடுத்த குத்தில் ஜார்ஜுக்குக் கண் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்புக் கண்ணோடுதான் அவர் லண்டனுக்கு ஒலிப்பதிவு செய்யப் போனார்!

அக்டோபர் 5-ஆம் தேதி முதல் இசைத்தட்டு வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போயிற்று. அடுத்த தட்டு 1963 ஜனவரியில் வந்தது. பிப்ரவரியில் முதல் இடத்துக்குப் போய்விட்டது. கேவர்னில் பாப் வூலர் என்பவர்தான் நிகழ்ச்சிகளை அறிவிப்பவர். அவர் உற்சாகமாக மைக்கைப் பிடித்து, நம் பிள்ளைகள் தேசத்திலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று அறிவித்தாராம். கூரை பிளந்துபோகும் என்று எதிர்பார்த்தார். நிலவறை நிசப்தமாகிவிட்டது. யாரும் கை தட்டவில்லை.

பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, வண்டி புறப்படும்போது வாசலில் நிற்கும் தாயைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மௌனம் அது. இனிமேல் துண்டுச் சீட்டுக் கொடுத்துப் பாட்டுக் கேட்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒரு ஷில்லிங்குக்குக் கிடைக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 3-ஆம் தேதி கேவர்னில் கடைசியாக வாசித்தார்கள். சன்மானம் 300 பவுன். ஏறக்குறைய முந்நூறு தடவை ஏறிய மேடையில் அவர்கள் மறுபடி ஏறவில்லை.

பிரீடாவை மட்டும் அந்த வண்டி கூடவே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எப்ஸ்டீன் ஆபீஸ் திறந்தபோது, காரியதரிசியாக வருகிறாயா என்று அவளைக் கேட்டார். அப்போது பதினேழு வயது. தகப்பனாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்காரப் பையன்கள் பின்னால் போவதாவது! எந்தத் தகப்பனார்தான் சம்மதிப்பார்? ஆனாலும் பெண் போனாள். ரசிகர் மன்றத்துக் காரியமும் அவள் தலையில் விழுந்தது. இங்கேதான் ஒரு தவறு செய்தாள். மன்றத்தின் விலாசம் என்று தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டாள். முதலில் பத்து, இருபது என்று வந்த கடிதங்கள், தட்டு பிரபலமானதும் மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்தன. தகப்பனாருக்கு வரவேண்டிய பில்கள் அந்தக் குவியலில் எங்கே போயின என்று தெரியாமல் அவர் கூச்சல் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்ததென்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கடிதங்களில் என்னவெல்லாம் கேட்டார்கள் தெரியுமா? கையெழுத்து, சட்டைத் துண்டு, பொத்தான், தலைமுடி! ஒரு பெண் தலையணை உறையையே அனுப்பிவிட்டாள்: ரிங்கோ இதில் ஒரு நாள் தலை வைத்துத் தூங்கவேண்டும், கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும் என்று. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் உறையை ஒரு தடவை கசக்கி, தூங்கியாயிற்று என்று எழுதி அனுப்பியிருப்பேன். பிரீடா அதை எடுத்துக்கொண்டு ரிங்கோவின் தாயார் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாளும் மகனை அதில் படுக்க வைத்து, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள். தாயில்லாத பிரீடாவுக்கு அந்த அம்மாள் ஒரு தாய் மாதிரி ஆகிவிட்டாள்.

தலைமுடி விஷயம் இதைவிடப் பெரிது. பையன்கள் முடி வெட்டிக்கொண்டபோது விழுந்த நிஜ முடியைத்தான் பிரீடா சேகரித்து அனுப்புவாள். கேட்டவர்கள் ஆயிரம் பேர். இருப்பது ஒரு பிடி. உதவிக்கு இருந்த இடத்தில் யாரோ வேறு முடியை வைத்து உறையை ஒட்டியது தெரிந்ததும், சற்றும் யோசிக்காமல் வேலையை விட்டு அனுப்பிவிட்டாள். ஒரு இழை முடிக்கா இவ்வளவு என்று நாம் சிரிக்கலாம். அந்த உறையைப் பிரிக்கப் போகும் பெண்ணின் இடத்தில் தானே நின்றவள் அவள். பாட்டுக் கேட்க மத்தியானச் சாப்பாட்டைத் துறந்தவளுக்குத்தான் அந்த ஒரு இழையின் விலை தெரியும்.

பையன்களிடமும் அவள் பணிந்து போனவள் இல்லை. ஒரு நாள் வேறொரு கோஷ்டியான 'மூடி புளூஸ்'காரர்களின் அறையில் அரட்டை அடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஜான் லென்னனுக்கு மூக்கின் மேல் கோபம். உனக்கு வேலை போயிற்று என்று சொல்லிவிட்டார். பிரீடா மற்ற மூவரையும் பார்த்தாள். அவர்களுக்கு அவள் வேண்டியிருந்தது. அப்படியானால் இந்த மூவரின் கடிதங்களை மட்டும் பார்க்கிறேன், ஜானுடையதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். கடைசியில் ஜான் முழங்கால் போட்டுக் கெஞ்சும்படி ஆயிற்று!

கடிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1963 பிப்ரவரி 28-ஆம் தேதி பஸ்ஸில் போய்க்கொண்டே ஜானும் பாலும் ஒரு பாட்டுக் கட்டினார்கள். அதற்கு யோசனை கொடுத்தது எது தெரியுமா? ஒரு சங்கீதப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியின் தலைப்பு! 'நான்', 'நீ' என்று நேரே முகத்தைப் பார்த்துப் பேசுவதாகவே அவர்கள் ஆரம்பப் பாட்டுகளை அமைத்தார்கள். கேட்கிற ஒவ்வொரு பெண்ணும் தனக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே செய்த காரியம் அது. பதில் மூட்டை மூட்டையாக வந்ததில் என்ன ஆச்சரியம்?

அமெரிக்காவின் கதவைத் திறந்ததும் ஒரு பெண்ணின் கடிதம்தான். அங்கே 'காபிடல்' கம்பெனி இவர்களுடைய தட்டுகளைத் தொடாமல் ஒதுக்கி வந்தது. கடைசியில் ஒன்றை 1964 ஜனவரியில் வெளியிடுவதாக இருந்தது. 1963 டிசம்பரில் டெலிவிஷன் செய்தியில் இவர்களைப் பார்த்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, இந்தப் பாட்டு நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வாஷிங்டன் வானொலி நிலையத்துக்கு எழுதிப் போட்டாள். நிலையத்தார் விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து தட்டை வரவழைத்தார்கள். டிசம்பர் 17-ஆம் தேதி அந்தப் பெண்ணையே அழைத்து அறிவிக்கச் சொல்லி ஒலிபரப்பினார்கள். டெலிபோன் மணி ஓயவில்லை. கம்பெனி அவசரம் அவசரமாக டிசம்பர் 26-ஆம் தேதியே தட்டை வெளியிட்டது. பிப்ரவரி 9-ஆம் தேதி எட் ஸல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர்.

அப்புறம் கூச்சல் ஆரம்பமாயிற்று. எங்கே போனாலும் பெண்கள் அலறினார்கள், அழுதார்கள், மயங்கி விழுந்தார்கள். படித்தவர்கள் இதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதிக் கேலி செய்தார்கள். கூச்சலை நானும் மெச்சவில்லை; சங்கீதத்துக்கு அது சத்துரு. 1965 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நியூயார்க் ஷியா மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். பேஸ்பால் ஆட்டத்தை அறிவிக்க வைத்திருந்த ஒலிபெருக்கிகளில் பாட்டு வந்தது. தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்காத நிலைமை. ரிங்கோ முன்னால் நிற்பவர்களின் உடம்பு அசைவதைப் பார்த்துப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகித்துத் தாளம் போட்டாராம்! கேவர்னில் முன் வரிசைப் பெண்ணின் முணுமுணுப்புக்குப் பதில் சொன்ன பிள்ளைகள் இவர்கள். 1966 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் அரை மணி நேரம் பாடிவிட்டு, ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை அடியோடு விட்டுவிட்டார்கள். அப்புறம் எல்லாம் ஒலிப்பதிவு அறைக்குள்தான்.

லிவர்பூல் பெண்கள் என்ன ஆனார்கள்? 1964 ஜூலை 10-ஆம் தேதி, நகர சபை வரவேற்புக்காகப் பையன்கள் ஊர் திரும்பினார்கள். விமானத்தில் வரும்போதே அவர்களுக்கு உள்ளூர உதறல். நம்மை விட்டுவிட்டுப் போனவர்கள் என்று ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? விமான நிலையத்திலிருந்து நகர மண்டபம் வரை தெருவின் இரு பக்கமும் இரண்டு லட்சம் பேர் நின்றிருந்தார்கள். நிலவறையில் கை தட்டாமல் நின்ற பெண்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களோ!

ஆபீஸ் லண்டனுக்கு மாறியபோது பிரீடா போகவில்லை. தகப்பனாரைத் தனியே விட்டுப் போக முடியாது. லிவர்பூலிலிருந்தே மன்றத்தை நடத்தினாள். 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நால்வரும் பேசிச் சிரித்துப் பதிவு செய்த மெல்லிய தட்டு ஒன்று மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் தபாலில் போகும். முதல் வருஷத் தட்டில் பிரீடாவின் பெயரைச் சொல்லி எல்லோருமாக ஒரு சபாஷ் போட்டார்கள். 1967-ல் எப்ஸ்டீன் இறந்தார். 1970-ல் கோஷ்டி பிரிந்தது. 1972-ல் மன்றம் மூடிய பிறகும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பிரீடா பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நிலவறைக்கு வந்த கதியையும் சொல்லிவிடுகிறேன். பாதாள ரயிலுக்குக் காற்றுப் போக வழி வேண்டுமென்று 1973-ல் கேவர்னை மூடினார்கள். மேலிருந்த கிடங்கை இடித்து நிலவறையைத் தூர்த்தார்கள். அந்தக் காற்று வழியைக் கட்டவே இல்லை! 1984-ல் பழைய செங்கற்களில் பலவற்றை எடுத்து, அதே இடத்தை ஒட்டி மறுபடி கட்டினார்கள்.

பிரீடாவிடம் இருந்த கையெழுத்துகளும் படங்களும் சேர்ந்தால் ஒரு வீடு வாங்கலாம். அவற்றில் பெரும் பகுதியை எழுபதுகளில் ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டாள். நால்வர் வீட்டு அந்தரங்கமும் அறிந்தவள் புத்தகம் எழுதவில்லை; பத்திரிகைக்கு விற்கவில்லை. கல்யாணம், குழந்தைகள், மறுபடி காரியதரிசி உத்தியோகம் என்று இருந்துவிட்டாள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்துத்தான், பேரன் பிறந்த பிறகு, பாட்டி இளவயதில் என்ன செய்தாள் என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்ற ஆசையில், 2013-ல் வெளிவந்த ஒரு படத்துக்காக வாய் திறந்தாள். அதில் பரணிலிருந்து சில பெட்டிகளை இறக்கித் திறக்கிறாள். பல வருஷம் தொடாமல் கிடந்த பெட்டிகள். மிச்சமிருந்தது அவ்வளவுதான்.